குப்பைக் கூடையும் குழந்தைகளும்

சில வாரங்களுக்கு முன் ஒரு பாடசாலையின் ஆண்டு விழாவுக்கு நாம் சென்றிருந்தோம். ஐந்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் மேடையேறிக் குப்பையைப் பற்றிப் பிரசங்கம் செய்தான். மக்கும் குப்பை எது, மக்காத குப்பை எது, அபாயகரமான குப்பை எது என்று ஓரிடத்திலும் தடுமாறாமல் ஒப்புவித்தான். சபையோரின் கரகோஷம் கூரையை எட்டியது. பையனுக்கு ஒரு பரிசும் கிடைத்தது. விழா முடிந்ததும் சிற்றுண்டி வழங்கினார்கள். வாழைப்பழத்தைத் தின்று முடித்த அதே பையன், தோலையும் காகிதத் தட்டையும் தண்ணீர்ப் பாட்டிலையும், பச்சைக் கூடை நீலக் கூடை என்ற பேதம் பாராமல், கைக்கு எட்டிய கூடையில் போட்டுவிட்டு ஓடினான். நாம் அவனைக் கூப்பிட்டு, "தம்பி, மேடையில் சொன்னதை அதற்குள் மறந்துவிட்டாயா?" என்று கேட்டோம். அவன் சிறிதும் கூசாமல், "எப்படிப் போட்டாலும் வண்டியிலே எல்லாத்தையும் ஒண்ணாத்தானே சார் கொட்டறாங்க?" என்றான்.

நீதிஸ்தலங்களில் குறுக்கு விசாரணை செய்து பழகிய நமக்கு, அந்தப் பத்து வயதுப் பையனுக்குச் சொல்லப் பதில் இல்லை. அவன் பாடத்தை மறக்கவில்லை. அவன் இரண்டு பாடங்கள் படித்திருக்கிறான். ஒன்று புத்தகம் கற்பித்தது. மற்றொன்று தெரு கற்பித்தது. இரண்டும் முரண்பட்டபோது, கண்ணால் கண்டதையே அவன் நம்பினான். இதில் குற்றம் யாருடையது?

நம் தேசத்தில் சட்டத்துக்குக் குறைவில்லை. சுற்றுப்புறச் சூழலைப் பற்றிய கல்வியைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 1991-ஆம் வருஷத்திலேயே உத்தரவிட்டது; 2003-இல் அதை மீண்டும் வற்புறுத்தியது. 2016-இல் மத்திய சர்க்கார் வெளியிட்ட விதிகள், ஒவ்வொரு வீட்டாரும் குப்பையை மூன்று வகையாகப் பிரித்தே கொடுக்க வேண்டும் என்று கூறின. 1991-இல் ஐந்தாம் வகுப்பில் இருந்த பிள்ளைகள் இன்று நாற்பது வயதைத் தாண்டிய கிருகஸ்தர்கள். ஒரு தலைமுறை முழுவதும் இந்தப் பாடத்தைப் படித்து, பரீட்சை எழுதி, மார்க்கும் வாங்கிவிட்டது. ஆயினும் வீட்டு வாசலுக்கு வரும் பை கலந்த பையாகவே இருக்கிறது. ஆகவே, இன்னும் ஒரு பாடத்தைப் புத்தகத்தில் சேர்ப்பதனால் பயன் விளையும் என்று நாம் நம்பவில்லை. கற்பிக்கும் காரணமும் மாற வேண்டும். கற்பிக்கும் முறையும் மாற வேண்டும்.

முதலில் காரணத்தைப் பார்ப்போம். "பூமியைக் காப்போம்" என்று குழந்தைகளிடம் சொல்லுகிறோம். பூமி மிகப் பெரியது. குழந்தையின் கண்ணுக்கு எட்டாதது. அதைவிட அருகில் ஒரு காரணம் இருக்கிறது. காலையில் தள்ளுவண்டியுடன் வாசலில் வந்து நிற்கும் தொழிலாளியின் கைகளே அந்தக் காரணம். நாம் ஒரே பையில் முடிந்து கொடுப்பதை யாரோ ஒருவர் அவிழ்த்துப் பிரித்தாக வேண்டும். அழுகிய சோற்றுக்குள் உடைந்த கண்ணாடி இருக்கலாம். காய்கறித் தோலுக்குள் சவரப் பிளேடும் ஊசியும் இருக்கலாம். பழைய காகிதத்தோடு டயாபர் சுருண்டு கிடக்கலாம். நாம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஒன்றை வேறொருவர் விரல்களால் கிளற வேண்டியிருக்கிறது. அந்த வேலை தலைமுறை தலைமுறையாகச் சில ஜாதியாரின் தலையில் சுமத்தப்பட்டு வந்தது என்பதைப் படித்தவர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. குப்பையைப் பிரித்துக் கொடுப்பது வெறும் சுத்தத்தைச் சேர்ந்த விஷயமன்று. நியாயத்தைச் சேர்ந்த விஷயம். இதைக் குழந்தைக்குச் சொல்லிப் பாருங்கள், உடனே விளங்கிக்கொள்ளும்.

இரண்டாவது காரணம், எறிந்த பொருள் எங்கும் மறைந்துவிடுவதில்லை என்பது. நம் நகரங்களின் குப்பையில் ஏறக்குறையப் பாதி, சமையலறையிலிருந்தும் தோட்டத்திலிருந்தும் வரும் மக்கும் பொருளே. மண்ணிலிட்டால் எருவாகும் அது, மலைபோல் குவிக்கப்பட்டுக் காற்றில்லாமல் அழுகும்போது மீதேன் என்னும் வாயுவை வெளியிடுகிறது. எளிதில் தீப்பற்றும் இந்த வாயு, கரியமில வாயுவைவிடப் பன்மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் இயல்புடையது. சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022-இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்ஸார் ஸ்தலங்களில் ஒன்றாயிற்று. அதே வருஷம் ஏப்ரல் மாதத்தில், அதன் ஓரத்திலுள்ள பெருங்குடிக் குப்பைமேடு தீப்பற்றி நாட்கணக்கில் புகைந்தது. 2023 மார்ச் மாதத்தில் கொச்சியின் பிரம்மபுரம் குப்பைக் கிடங்கு பற்றியெரிந்து, பத்து நாட்களுக்கு மேல் நகரத்தைப் புகை சூழ்ந்தது. பாடசாலைகளுக்கும் விடுமுறை விட நேர்ந்தது. பெரியவர்கள் கலந்து எறிந்த குப்பையின் புகையைக் குழந்தைகள் சுவாசித்தார்கள்.

மூன்றாவது காரணம் நம்மவர்களுக்குப் புதியதன்று. தெருவில் "பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்!" என்று கூவி வந்த வியாபாரியை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். உடைந்த வாளியை எடுத்துக்கொண்டு ஓடிய சிறுவனுக்கு, பழையதற்கும் மதிப்புண்டு என்ற பொருளாதார சாஸ்திரத்தை அந்தப் பேரீச்சம்பழமே போதித்தது. அலுமினியத்தைத் தாதுப்பொருளிலிருந்து எடுப்பதற்குச் செலவாகும் சக்தியில் இருபதில் ஒரு பங்கு இருந்தால், பழைய அலுமினியத்தை உருக்கி மீண்டும் உபயோகிக்கலாம். கண்ணாடியை எத்தனை முறை வேண்டுமானாலும் உருக்கலாம். காகிதத்தையோ சில முறைதான் கூழாக்கலாம். ஒவ்வொரு முறையும் அதன் நார் குறுகிப் போகும். ஆகையால் ஒரு பக்கம் மட்டும் எழுதிய தாளைக் கிழித்தெறிவது நஷ்டம். காந்தியடிகள் தமக்கு வந்த கடித உறைகளின் உட்புறத்தில் எழுதியது கருமித்தனத்தினால் அன்று.

இனி, எப்படிக் கற்பிப்பது? கையினால் செய்வதன் மூலமாகவே கல்வி நடக்க வேண்டும் என்று 1937-இல் வார்தாவில் கூடிய கல்வி மகாநாடு கூறிற்று. இந்த விஷயத்துக்கு அதைவிடப் பொருத்தமான முறை இல்லை.

முதல் பாடத்துக்கு ஒரு மண்பானை போதும். அடியிலும் பக்கத்திலும் சில துவாரங்கள் இட்டு, அடியில் காய்ந்த சருகைப் பரப்ப வேண்டும். அன்றாடம் சேரும் காய்கறித் தோல், பழத்தோல், தேயிலைச் சக்கை ஆகியவற்றைக் குழந்தை தன் கையால் அதில் போட்டு, மேலே ஒரு பிடி சருகு தூவ வேண்டும். தொடக்கத்தில் ஒரு கரண்டி புளித்த மோர் விட்டால் சீக்கிரம் மக்கும். பிழிந்த துணியின் அளவுக்கு ஈரம் இருந்தால் போதும். துர்நாற்றம் வந்தால் ஈரம் மிகுந்துவிட்டது என்று அறிந்து, இன்னும் கொஞ்சம் சருகு சேர்க்க வேண்டும். இரண்டு மூன்று மாதங்களில், முதல் மழையில் எழும் மண்வாசனையோடு கறுத்த எரு கிடைக்கும். அதைக் குழந்தையே ஒரு கத்தரிச் செடிக்கு இடட்டும். அந்தச் செடியில் காய்த்த காயைத் தின்ற குழந்தைக்கு, மக்கும் குப்பையின் லக்ஷணத்தை மனப்பாடம் செய்விக்க வேண்டியதில்லை.

இரண்டாவது கூடை உலர்ந்த பொருள்களுக்கு. இதற்கு ஒரே விதி: சுத்தமாகவும் ஈரமில்லாமலும் இருக்க வேண்டும். சாம்பார் சிந்திய காகிதத்தைக் காகித ஆலை ஏற்காது. பால் கவரின் மூலையை வெட்டும்போது துண்டைத் தனியே விட்டுவிடாமல், கவரோடு ஒட்டியிருக்கும்படி வெட்டி, அலசி உலர்த்த வேண்டும். தனியே விழும் சிறு துண்டு யார் கைக்கும் அகப்படாமல் சாக்கடைக்குப் போய்விடும். இந்த வேலைக்கு ஆறு வயதுக் குழந்தை போதும். மாதம் ஒரு முறை குழந்தையைப் பழைய பேப்பர் கடைக்கு அழைத்துச் சென்று, தராசு நிறுப்பதைப் பார்க்கச் செய்து, வரும் காசை அதனிடமே கொடுக்கலாம். பளபளப்பான தின்பண்ட உறைகளை மட்டும் கடைக்காரர் வாங்க மாட்டார். பல பொருள்களை அடுக்கடுக்காக ஒட்டிச் செய்த அவற்றைப் பிரிப்பது மிகவும் கடினம். அத்தகைய உறைகள் ஒரு வாரத்தில் எத்தனை சேர்ந்தன என்று குழந்தையை எண்ணச் சொல்லுங்கள். அடுத்த வாரம் கடையில் எதை வாங்கலாம், எதை விடலாம் என்ற யோசனை அந்த எண்ணிக்கையிலிருந்தே பிறக்கும். வாங்காத பொருள் குப்பையாவதில்லை.

மூன்றாவது வகையைப் பெரியவர்களே கையாள வேண்டும். பாட்டரி, உடைந்த பல்பு, காலாவதியான மருந்து, பிளேடு, ஊசி ஆகியவற்றைத் தனிப் பெட்டியில் சேர்க்க வேண்டும். டயாபர் முதலியவற்றைக் காகிதத்தில் நன்றாகப் பொதிந்து, அடையாளமிட்டுக் கொடுக்க வேண்டும். நாம் இவ்வளவு சிரத்தையோடு செய்வது ஏன் என்று குழந்தை கேட்கும். வாசலில் நிற்பவரின் கைகளைக் காட்டுங்கள்.

இந்த வேலையைப் பெண் குழந்தைக்கு மட்டும் கற்பித்து, பிள்ளையைப் பந்தாட அனுப்பிவிடுவது நம் வீடுகளின் வழக்கம். வீட்டு எஜமானரோ, "இதெல்லாம் வேலைக்காரி பார்த்துக்கொள்வாள்" என்பார். 1901-ஆம் வருஷத்துக் கல்கத்தா காங்கிரஸில், கழிப்பிடங்களின் அசுத்தத்தைக் கண்டு காந்தியடிகள் முறையிட்டபோது, அது தோட்டியின் வேலை என்று தொண்டர்கள் பதில் சொன்னார்கள். அவர் ஒரு துடைப்பத்தைக் கேட்டு வாங்கித் தாமே சுத்தம் செய்தார். அந்தத் தொண்டர்களின் பதில் இன்றும் நம் வீடுகளில் வேறு வார்த்தைகளில் ஒலிக்கிறது. தகப்பனார் கூடையைத் தொடாத வீட்டில் மகன் தொடமாட்டான்.

நமது நேயர்களில் பொது வாழ்வில் ஈடுபட்டவர்கள் அநேகர். அவர்களுக்கும் ஒரு வார்த்தை. பொதுக்கூட்டம் முடிந்த மைதானத்தை மறுநாள் காலையில் சென்று பாருங்கள். தண்ணீர்ப் பாக்கெட்டும், பிளாஸ்டிக் கொடியும், சாப்பாட்டுப் பொட்டலமும் கட்சி பேதமின்றிக் கலந்து கிடக்கும். அந்த மைதானத்தைக் கடந்துதான் குழந்தைகள் பாடசாலைக்குப் போகிறார்கள். ஒரு முறை உபயோகித்தெறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றைத் தமிழ்நாடு சர்க்கார் 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து தடை செய்தது. 2021 டிசம்பரில் மஞ்சப்பை இயக்கத்தைத் தொடங்கியது. இவை நல்ல காரியங்களே. ஆனால் சட்டம் செய்கிறவர்களும் அதற்காகக் கோஷமிடுகிறவர்களும் தங்கள் கூட்டத்தில் அதை அநுசரிக்காவிட்டால், சட்டம் ஏழைக் கடைக்காரனுக்கு மட்டுமே என்ற முடிவுக்குத்தான் பிள்ளைகள் வருவார்கள்.

எல்லாப் பாரத்தையும் குழந்தைகளின் தோளில் ஏற்றுவதும் நேர்மையன்று. பிரித்துக் கொடுத்ததைப் பிரித்தே எடுத்துச் செல்லத் தக்க வண்டி வேண்டும். அது நகரசபையின் கடமை. மீளவும் பயன்படாத உறைகளைச் செய்து விற்கும் கம்பெனிகள் அவற்றைத் திரும்பப் பெறும் பொறுப்பையும் ஏற்க வேண்டும். அதற்கான விதிகள் ஏட்டில் இருக்கின்றன. அவற்றை நடத்தி வைப்பது சர்க்காரின் கடமை. வண்டியில் கலந்து கொட்டுவதைக் கண்டால், வார்டு கவுன்ஸிலருக்கு மனு எழுதுங்கள். அந்த மனுவைக் குழந்தையின் கையால் எழுதுவித்து, அவனையும் கூட அழைத்துச் செல்லுங்கள். பதில் வரும்வரை மறுபடியும் எழுதுங்கள். சுயராஜ்யத்தில் பிரஜையாக இருப்பது எப்படி என்ற பாடத்தையும் அவன் அதே கூடையிலிருந்து கற்றுக்கொள்வான்.

அந்தப் பையனின் கேள்வி இன்னும் நம் காதில் ஒலிக்கிறது. அவன் கேட்டது குப்பையைப் பற்றி மட்டுமன்று, "நீங்கள் சொல்வதை நீங்களே நம்புகிறீர்களா?" என்றுதான் அவன் பெரியவர்களைக் கேட்டான். அதற்கு மேடையில் பதில் சொல்ல முடியாது. நாளைக் காலையில், வண்டி வரும் நேரத்தில், நம் வீட்டு வாசலில்தான் சொல்ல முடியும்.