உயர்மலைப் பயணமும் உடன்வரும் நண்பரும்

விக்கிரமங்கலம் போன்ற சமவெளி ஊர்களில் வாழும் நம் உடல் தாழ்நிலக் காற்றுக்குப் பழகியது. பச்சைமலையில் ஏறும்போது மூச்சு வாங்குவது பெரும்பாலும் உழைப்பின் களைப்பே. ஆனால், பள்ளிக்கால நண்பருடன் லடாக்கின் மலைகளிலும் பள்ளத்தாக்குகளிலும் நடைப்பயணம் செல்வோரின் நிலை வேறு. ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரில், ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்கே.

2,500 மீட்டருக்கு மேல் விரைந்து ஏறினால் தலைவலி, குமட்டல், சோர்வு, உறக்கமின்மை தோன்றலாம். இதுவே உயர்மலை நோய். உடல் வலிமை மிக்க இளைஞருக்கும் இது வரும். அறிகுறி தோன்றினால் மேலே ஏறாமல் ஓய்வு கொள்ள வேண்டும். குறையாவிடில் இறங்க வேண்டும்.

தள்ளாட்டமும் மனக்குழப்பமும் மூளை வீக்கத்தின் அறிகுறிகள். ஓய்விலும் நீங்காத மூச்சுத்திணறல், நுரையீரலில் நீர் கோத்ததைக் காட்டும். இரண்டும் உயிருக்கு ஆபத்தானவை. உடனே இறங்க வேண்டும். குழப்பமுற்றவர் தம் நிலையைத் தாமே உணரமாட்டார். அவருடைய நடையையும் பேச்சையும் சிறுவயது முதல் அறிந்த நண்பரால் மாற்றத்தை எளிதில் கண்டுகொள்ள முடியும். நோயுற்றவரைத் தனியே இறங்கவிடலாகாது.

சில பள்ளத்தாக்குகளிலிருந்து வெளியேற உயர்ந்த கணவாயைக் கடக்க நேரும். ஆகவே, அறிகுறிகளுடன் அவற்றினுள் செல்ல வேண்டா.

3,000 மீட்டருக்கு மேல், இரவு தங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் கூட்டுங்கள். மூன்று, நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஓய்வெடுங்கள். இதய, நுரையீரல் நோயுள்ளோர் முன்கூட்டியே மருத்துவரின் ஆலோசனையைப் பெற வேண்டும். "இறங்குவோம்" என ஒருவர் சொன்னால் மற்றவர் மறுப்பதில்லை என்று, புறப்படும் முன்பே இருவரும் உறுதி செய்துகொள்ளுங்கள்.