உதைக்கும் துப்பாக்கி, உதைக்காத துப்பாக்கி

2012 லண்டன் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் இறங்கியபோது, மலேசிய வீராங்கனை நூர் சூர்யானி எட்டு மாதக் கர்ப்பிணி. பின்னுதைப்பு வயிற்றை உலுக்காதா?

கணக்கிட்டுப் பார்ப்போம், மாணவர்களே. குண்டு முன்னோக்கிப் பெறும் உந்தத்தைத் துப்பாக்கி பின்னோக்கிப் பெறுகிறது. அரை கிராம் குண்டு வினாடிக்கு 170 மீட்டர் வேகத்தில் பாய்ந்தால், 5 கிலோ துப்பாக்கி பின்வாங்கும் வேகம் வினாடிக்கு 1.7 சென்டிமீட்டர்தான்!

8 கிராம் குண்டை 350 மீட்டர் வேகத்தில் செலுத்தும் 800 கிராம் கைத்துப்பாக்கியோ 3.5 மீட்டர் வேகத்தில் உதைக்கும். வெடிவாயு அதை இன்னும் கூட்டும்.

சிறிய கைக்கு எடை குறைந்த துப்பாக்கியே ஏற்றது என்று தோன்றும். ஆனால் எடை குறைந்தால் உதை கூடும். குறைய வேண்டியது குண்டின் உந்தம். அதனால்தான் புதியவர்கள் காற்றுக் கைத்துப்பாக்கியில் பயிற்சியைத் தொடங்குகிறார்கள்.