கழுவக் கூடாத கீரை

தென் கலிபோர்னியாவில் குளிர்கால மழை தாராளமாகப் பெய்யும் ஆண்டுகளில், அன்சா-பொரேகோ பாலைநிலம் இளஞ்சிவப்பு நிறம் பூண்ட படங்கள் நாளேடுகளை நிறைப்பதும், அவற்றின்கீழ் ‘அதிசயம்’ என்ற சொல் தவறாமல் இடம்பெறுவதும் வழக்கமாகிவிட்டன. அந்த நிறத்தில் பெரும்பங்கு மணல் வெர்பினா எனப்படும் அப்ரோனியா வில்லோசாவுடையது. மழை பெய்தால் ஓராண்டுச் செடிகள் முளைத்துப் பூப்பதில் அதிசயம் ஏதுமில்லை. இச்செடியின் உண்மையான கெட்டிக்காரத்தனம், படமெடுப்போர் கண்டுகொள்ளாத, அழுக்கேறியதுபோல் தோன்றும் இலையிலும் தண்டிலும் இருக்கிறது.

அந்திமந்தாரை, காகிதப்பூ, மூக்கிரட்டை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த அப்ரோனியாவின் உடலெங்கும் சுரப்பித் தூவிகள், அதாவது நுனியில் பசை கசியும் நுண்மயிர்கள் உள்ளன; காற்று அடித்துவரும் மணல் அப்பசையில் ஒட்டி, செடிக்கு ஒரு மணற்கவசமாக அமைந்துவிடுகிறது. சரியாக அலசாத கீரையைக் கடைந்து சோற்றில் பிசைந்தால், முதல் கவளத்திலேயே பல் கூசி, சமைத்தவர் மீது கோபம் வரும். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோக மனிதருக்கு வழியுண்டு; அந்தக் கீரையே வீடும் சாப்பாடுமாக வாய்த்த கம்பளிப்பூச்சிக்கோ அலசப் பாத்திரமும் இல்லை, கோபித்துக்கொள்ளச் சமையற்காரரும் இல்லை, தாடை தேய்ந்தால் அடுத்த தோலுரிப்பு வரை மாற்றுத் தாடையும் கிடையாது.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த எரிக் லோப்ரெஸ்டியும் ரிச்சர்டு கார்பனும் செய்து 2016இல் வெளியிட்ட ஆய்வு, உண்மையில் இந்தக் கீரையை அலசிப் பார்த்ததுதான். கடற்கரை இனமான அப்ரோனியா லாட்டிஃபோலியாவிலிருந்து மணலை அகற்றியபோது, மென்று தின்னும் உயிரினங்கள் அதைக் கூடுதலாகத் தின்றன. நிலத்தின் நிறத்தோடு கலந்து ஒளிந்துகொள்வதால் செடி தப்புகிறதோ என்ற ஐயத்தைத் தீர்க்க, சில தண்டுகளில் செடியின் பச்சை நிற மணலையும் வேறு சிலவற்றில் நிலத்தின் பழுப்பு நிற மணலையும் பூசினர். இரண்டுக்கும் கிடைத்த பாதுகாப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லாததால், காப்பது நிறமன்று, நறநறப்பே என்று தெரிந்தது. ஆயினும் இம்முடிவு மென்று தின்பவற்றுக்கே பொருந்தும் என்பதால், எல்லாப் பூச்சிகளையும் விரட்டும் கவசம் என்று எழுதுவது மிகை.

வரலாறு வேண்டுவோர்க்கு இவ்வளவு போதும்: லா பெரூசின் பிரெஞ்சுக் கடற்பயணக் குழுவின் தோட்டக்காரர் கொலின்யோன் 1786இல் மான்டரேயில் திரட்டி அனுப்பிய விதைகள் பாரிசில் முளைத்தன, அவற்றிலிருந்து கிடைத்த செடிக்கு லமார்க் அப்ரோனியா அம்பெல்லாட்டா என்று பெயரிட்டார், கப்பல்கள் 1788இல் வானிகோரோ தீவருகே மூழ்கின.

அதன்பின் திரட்டப்பட்ட அப்ரோனியா மாதிரிகள் உலர்தாவரக் காப்பகங்களில், அதாவது செடிகளை அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டிவைக்கும் நிலையங்களில் உள்ளன. எல்லா இனங்களையும் சேர்த்தால், உலகெங்கும் அத்தகைய மாதிரிகள் 39 கோடிக்கும் மேல். அவற்றைப் படமெடுத்துக் கணினியில் ஏற்றிவிட்டால் இயற்கையின் கடந்தகாலம் தானாகப் பேசும் என்ற விளம்பரம் இப்போது பலமாக நடக்கிறது. ஐரோப்பிய மணற்புல் ஆக்கிரமித்த வட பசிபிக் கரையில் இளஞ்சிவப்பு மணல் வெர்பினா எனப்படும் அம்பெல்லாட்டா முன்பு எங்கெங்கே வளர்ந்தது என்பதற்குப் பழைய தாள்கள் நல்ல சான்றுகளே. ஆனால் வரைபடத்தில் புள்ளி இல்லாத இடம், செடி இல்லாத இடமாக இருக்கலாம், சாலை இல்லாத இடமாகவும் இருக்கலாம். பூச்சி அரிக்காத அழகான கிளையையே ஒடிக்கும் பழக்கமும் சேகரிப்போர்க்கு உண்டு.

மணலின் கதி இன்னும் மோசம். அழுத்தும்போதே நாளிதழ் மடிப்புக்குள் பாதி உதிர, ஒட்டுமுன் எஞ்சியதையும் தட்டிவிடுவது நேர்த்தியான வேலையாகக் கருதப்படுகிறது. ஆகவே தாளில் இலை சுத்தமாக இருப்பதைக் கொண்டு, மணற்குன்றிலும் அது அப்படித்தான் இருந்தது என்று கொள்ள முடியாது. பெயர்ச்சீட்டு ஊர், நாள், நில அமைப்பு, சேகரிப்பு எண் ஆகியவற்றைச் சொல்லும். இலை பிசுபிசுத்ததா என்பதை எப்போதாவதுதான் சொல்லும். உதிர்ந்த துணுக்குகளைப் போட்டுவைக்கத் தாளின் ஓரத்தில் ஒட்டப்படும் சிறு காகித உறையில் சில மணல்மணிகள் தப்பியிருக்கக்கூடும். படமெடுக்கும்போது பெரும்பாலும் அந்த உறையை யாரும் பிரிப்பதில்லை.