நாய்க்குட்டிக்குப் பச்சை இறைச்சி கொடுக்கலாமா?

உங்கள் வீட்டுக்கு எட்டு வாரக் குட்டி ஒன்று வரப்போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர் முடிவாகிவிட்டது, படுக்கையும் வாங்கியாகிவிட்டது. அடுத்த கேள்வியில்தான் வீடு இரண்டாகப் பிரியும். அதற்கு என்ன சாப்பாடு? செல்லப்பிராணிக் கடைக்குப் போனால் ஒரு பக்கம் மூட்டை மூட்டையாக உலர் உணவு. இன்னொரு பக்கம் உறைபெட்டிக்குள் பச்சை இறைச்சிப் பொட்டலங்கள். “நாய் என்பது ஓநாயின் வாரிசுதானே? ஓநாய் என்ன, சமைத்தா சாப்பிட்டது?” என்று பக்கத்து வீட்டு அண்ணன் கேட்பார். நல்ல கேள்விதான். அறிவியல் படிக்கும் நீங்கள் அதற்கு உடனே தலையாட்டிவிடாமல் கொஞ்சம் சோதித்துப் பார்க்கலாம்.

பச்சை இறைச்சி உணவைப் பரவலாக்கியவர்களில் முக்கியமானவர் ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட். சதையோடு கூடிய எலும்பு, உள்ளுறுப்புகள், கொஞ்சம் காய்கறி, எல்லாம் சமைக்காமல். இதுதான் நாயின் இயல்பான உணவு என்று 1993ஆம் ஆண்டு வெளியான தமது நூலில் அவர் வாதிட்டார். அந்த வாதத்தின் அடித்தளம் ஓநாய். அங்கிருந்தே தொடங்குவோம்.

ஓநாய்க்கும் நாய்க்கும் நடுவில்

மாவுச்சத்தைச் செரிக்க அமிலேஸ் என்ற நொதி வேண்டும் என்று வகுப்பில் படித்திருப்பீர்கள். அயோடின் கரைசல் நீல நிறமாக மாறுகிறதா என்று ஆய்வுக்கூடத்தில் பார்த்தும் இருப்பீர்கள். நாயின் உடலில் இந்த நொதியைக் கணையம் சுரக்கிறது. சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013ஆம் ஆண்டில் ஓநாய்களின் மரபணுக்களையும் நாய்களின் மரபணுக்களையும் ஒப்பிட்டார்கள். கணைய அமிலேஸை உருவாக்கும் மரபணு ஓநாய்களிடம் 2 பிரதிகளே இருந்தன. நாய்களிடமோ 4 முதல் 30 பிரதிகள் வரை இருந்தன. மனிதன் பயிர் செய்யத் தொடங்கியபின், அவன் மிச்சம் வைத்த தானிய உணவைத் தின்று வாழக்கூடிய நாய்களே பல்கிப் பெருகின என்பது அவர்கள் தந்த விளக்கம். ஆஸ்திரேலியாவின் டிங்கோ நாய்க்கு இன்றும் ஓநாயைப் போலவே இரண்டு பிரதிகள்தான் என்பது இதற்குப் பொருத்தமான ஒரு சின்னத் தகவல். வேளாண்மைச் சமூகங்களோடு சேர்ந்து வாழாமல், காட்டில் வேட்டையாடியே பிழைத்த நாய் அது.

ஆகவே, சோறும் கிழங்கும் நாய்க்கு ஆகவே ஆகாது என்பது சரியல்ல. அதற்காக நாய் இறைச்சி உண்ணக் கூடாது என்றும் பொருள் இல்லை. ஓநாய் வாதத்தில் இன்னொரு ஓட்டையும் உண்டு. காட்டில் பிறக்கும் ஓநாய்க்குட்டிகளில் பல ஓராண்டுகூட வாழ்வதில்லை. இயற்கை ஒன்றைச் செய்கிறது என்பதாலேயே அது நம் வீட்டுக் குட்டிக்குப் போதுமானது ஆகிவிடாது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்

உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. வளர்ந்த நாய்க்கு உணவு என்பது உடலைப் பராமரிக்க. குட்டிக்கோ சில மாதங்களில் ஒரு முழு எலும்புக்கூட்டைக் கட்டி முடிக்க வேண்டும். அதற்குக் கால்சியமும் பாஸ்பரஸும் சரியான விகிதத்தில் தேவை. பாஸ்பரஸ் எவ்வளவோ, குறைந்தது அவ்வளவு கால்சியமாவது இருக்க வேண்டும். இரண்டு மடங்குக்கு மேல் போகக் கூடாது.

எலும்பு நீக்கிய 100 கிராம் கோழி நெஞ்சுக்கறியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பாஸ்பரஸ் சுமார் 200 மில்லிகிராம். கால்சியம் சுமார் 10 மில்லிகிராம்தான். விகிதம் 1க்கு 20! இப்போது ஒரு நாள் உணவைக் கணக்கிடுவோம். சுமார் 10 கிலோ எடையுள்ள வளரும் குட்டிக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1,000 கிலோகலோரி வேண்டியிருக்கும். அதைக் கோழிக்கறியிலிருந்து மட்டும் பெற ஏறத்தாழ 900 கிராம் தேவை. அதில் கிடைக்கும் கால்சியம் 90 மில்லிகிராம். ஆனால், வளரும் குட்டிகளுக்கான உணவில் ஒவ்வொரு 1,000 கிலோகலோரிக்கும் குறைந்தது 3,000 மில்லிகிராம் கால்சியம் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தரவிதி. தேவையில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. குட்டி வயிறு நிறையத் தின்றும் அதன் எலும்பு பட்டினி கிடக்கிறது.

உடல் இதை எப்படிச் சமாளிக்கிறது என்பதுதான் இதில் அச்சமூட்டும் பகுதி. இதயம் துடிக்கவும் தசைகள் இயங்கவும் இரத்தத்தில் கால்சியம் இருந்தே ஆக வேண்டும். அளவு சற்றுக் குறைந்ததும் கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் ஒரு ஹார்மோனைச் சுரக்கும். அது எலும்பைக் கரைத்துக் கால்சியத்தை இரத்தத்துக்கு அனுப்பும். சேமிப்புக் கணக்கிலிருந்து தினமும் பணம் எடுத்துச் சாப்பிடுவது போலத்தான். இரத்தப் பரிசோதனையில் கால்சியம் பெரும்பாலும் சரியாகவே காட்டும். எக்ஸ்ரே எடுத்தால்தான் எலும்புகள் காகிதம் போல் மெலிந்திருப்பது தெரியும். குட்டி நொண்டும், நடக்கத் தயங்கும். சோபாவிலிருந்து குதித்ததற்கே கால் முறிந்த குட்டிகளைக் கால்நடை மருத்துவர்கள் பார்த்திருக்கிறார்கள். வீட்டில் எல்லாரும் ஆசையாகக் கறி ஊட்டி வளர்த்த குட்டிக்கே இந்த நிலை வரும்.

“சரி, எலும்பையும் சேர்த்துக் கொடுத்துவிட்டால்?” என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். கால்சியம் கிடைக்கும். ஆனால் எவ்வளவு? கோழிக் கழுத்தில் ஓர் அளவு, இறக்கையில் ஓர் அளவு, தொடையில் வேறோர் அளவு. கண்ணால் பார்த்து அளக்க முடியாது. வளர்ந்த நாயின் குடல், கால்சியம் மிகுந்தால் உறிஞ்சுவதைக் குறைத்துக்கொள்ளும். ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டியின் குடலுக்கு அந்தத் திறமை இன்னும் வரவில்லை; கொடுத்ததில் பெரும்பங்கை உள்ளே விட்டுவிடும். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் 1980களில் கிரேட் டேன் குட்டிகளுக்கு அதிகக் கால்சியம் உள்ள உணவு கொடுத்துப் பார்த்தார்கள். அவற்றின் எலும்பு வளர்ச்சி கெட்டது. குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து. வளர்ந்தபின் 32 கிலோவுக்கு மேல் எடை வரக்கூடிய பெரிய இனமாக இருந்தால் இந்த இடைவெளி இன்னும் குறுகியது: அதே 1,000 கிலோகலோரிக்கு 3,000 முதல் 4,500 மில்லிகிராம் வரைதான்.

வேறு சில தடுமாற்றங்களும் உண்டு. ஈரலை அளவுக்கு மேல் கொடுத்தால் வைட்டமின் ஏ மிகுந்துவிடும். சில வகைப் பச்சை மீன்களில் வைட்டமின் பி1ஐ அழிக்கும் நொதி இருக்கிறது.

உறைபெட்டி கிருமியைக் கொல்லாது

அடுத்தது உங்கள் குடும்பத்தைப் பற்றியது. 2018ஆம் ஆண்டு வெளியான ஒரு நெதர்லாந்து ஆய்வில், கடையில் விற்ற 35 உறைந்த பச்சை இறைச்சி நாய், பூனை உணவுகள் சோதிக்கப்பட்டன. 19 பொட்டலங்களில் லிஸ்டீரியா, 7இல் சால்மோனெல்லா, 8இல் ஆபத்தான ஓ157 வகை ஈகோலை இருந்தன. பல நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளுக்கு அடங்காத ஈகோலை 28 பொட்டலங்களில் இருந்தது.

உறைய வைத்தால் செத்துவிடாதா? சில ஒட்டுண்ணிகள் சாகும். பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை தூங்கத்தான் செய்யும். ஆய்வுக்கூடங்களே பாக்டீரியாக்களைப் பாதுகாத்து வைக்க, சைபருக்குக் கீழே 80 பாகை செல்சியஸில் உறைய வைக்கின்றன என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நம் ஊர் வெப்பத்தில் பொட்டலத்தை மேசைமேல் வைத்து உருக விட்டால், தூங்கியது விழித்துப் பெருகத் தொடங்கும்.

“நாயின் வயிற்று அமிலம் கடுமையானது, அதற்கு ஒன்றும் ஆகாது” என்பார்கள். ஆகாமலும் போகலாம். ஆனால் நலமாகத் தெரியும் நாயின் மலத்தில் சால்மோனெல்லா வெளியேறும். வாயிலும் ஒட்டியிருக்கும். அதே வாய்தான் உங்கள் தம்பியின் கன்னத்தை நக்கும். ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள், தாத்தா பாட்டி, கர்ப்பிணிகள், புற்றுநோய் சிகிச்சை பெறுபவர்கள் வீட்டில் இருந்தால் என் கருத்து உறுதியானது: பச்சை இறைச்சி வேண்டாம். அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கமும் 2012 முதல் செல்லப்பிராணிகளுக்குப் பச்சை இறைச்சி கொடுப்பதை ஊக்குவிப்பதில்லை. நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே 2012இல் அமெரிக்காவில் உலர் உணவு மூலமாகவும் மனிதர்களுக்குச் சால்மோனெல்லா பரவியது. உருண்டை உணவைத் தொட்ட கையையும் கழுவுங்கள்.

பச்சை உணவில் நன்மையே இல்லையா? நாய்கள் அதை விரும்பித் தின்னும். நன்றாகச் செரிப்பதால் மலம் குறைவாக வரும். எலும்பைக் கடிப்பதால் பல்லில் படிந்த காரை குறையும் என்றும் சோதனைகள் காட்டியுள்ளன. அதே எலும்பு பல்லை உடைப்பதும் குடலை அடைப்பதும் உண்டு. ஆயுள் கூடும், நோய் அண்டாது என்பதற்கு மட்டும் நம்பத்தக்க சான்று இல்லை.

புதிய இறைச்சிதான் கொடுக்க வேண்டும் என்று வீட்டில் ஆசைப்பட்டால், சமைத்துக் கொடுக்கலாம். கிருமிச் சிக்கல் தீர்ந்துவிடும். சமைத்த எலும்பு கூராக உடைந்து குடலைக் குத்தும் என்பதால் அதை நீக்கிவிட வேண்டும். நீக்கியதும் பழைய கால்சியக் கணக்கு திரும்பி வந்துவிடும். எந்தச் சத்துப்பொடி, எத்தனை கிராம் என்பதைக் கால்நடை மருத்துவர் குட்டியின் இனத்தையும் எடையையும் பார்த்துத்தான் சொல்ல முடியும். வெங்காயமும் பூண்டும் சேர்த்த நம் வீட்டுக் குழம்புக்கறி கூடவே கூடாது. அவை நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

கடையில் வாங்குவதானால், விலையைப் பார்க்குமுன் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள். வளரும் குட்டிக்கு முழுமையான உணவு என்று எழுதியிருக்க வேண்டும். ‘துணை உணவு’ என்றோ ‘வளர்ந்த நாய்க்கு’ என்றோ இருந்தால் திருப்பி வைத்துவிடுங்கள். பெரிய இனக் குட்டி என்றால் அதற்கும் ஏற்றது என்று தனியாகக் குறிப்பிட்டிருக்க வேண்டும். பச்சை உணவே என்று பெரியவர்கள் முடிவெடுத்துவிட்டால், உயர் அழுத்த முறையில் கிருமி குறைக்கப்பட்டதா என்று விசாரியுங்கள். குளிர்பதனப் பெட்டிக்குள்ளேயே உருக விடுங்கள். தனிக் கிண்ணமும் தனிப் பலகையும் வையுங்கள். மிச்சத்தை உடனே எடுத்துவிடுங்கள்.

தடுப்பூசிக்காகக் குட்டியை எப்படியும் மருத்துவரிடம் கொண்டுபோவீர்கள். அப்போது பொட்டலத்தின் பின்பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு போய், கால்சியம், பாஸ்பரஸ் எண்களைக் காட்டிக் கேளுங்கள். உணவை மாற்றச் சொன்னால் ஒரே நாளில் மாற்றாதீர்கள். பழைய உணவோடு புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஒரு வாரத்தில் மாற்றினால் குட்டிக்கு வயிற்றுப்போக்கு வராது.