பீலித் தண்ணீரும் கெடக்கூடாது, கொழுந்தும் குறையக்கூடாது

உரமும் மருந்தும் குறைந்தால் கொழுந்து குறையும். கொழுந்து குறைந்தால் நாளுக்குப் பறிக்க வேண்டிய கிலோ வராது, அரைப்பேர்தான் விழும், அரைநாள் சம்பளம்தான் கிடைக்கும். பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கத் தோட்டங்களில் இருக்கும் இந்தப் பயம் நியாயமானது. அதேசமயம், மலையில் போட்ட யூரியாவும் அடித்த மருந்தும் மழையோடு இறங்கி வருவது கீழே லயத்துப் பீலிக்குத்தான்.

காய்ந்த தேயிலையில் நூற்றுக்கு 4 பங்கு அளவில் நைதரசன் இருக்கிறது. ஒரு ஹெக்டேயரில் 1,000 கிலோ தேயிலை எடுத்தால் 40 கிலோ நைதரசன் மண்ணை விட்டுப் போகிறது. அதைத் திருப்பிக் கொடுக்கக் கணக்குப்படி 90 கிலோ யூரியா போதும். நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு நைதரசன் உள்ள கூட்டெரு என்றால் இரண்டரை டன்னுக்கும் மேல் வேண்டும். அதை ஆக்குவதற்கும், செங்குத்து மலையில் சுமந்து ஏறுவதற்கும் ஆள் வேண்டும், கூலியும் வேண்டும்.

இதை யோசிக்காமல்தான் 2021 மே மாதம் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தியது. ஆண்டு முடியுமுன்பே தடையை விலக்க வேண்டியதாயிற்று. 2021இல் 30 கோடி கிலோவை நெருங்கிய இலங்கைத் தேயிலை, 2022இல் 25 கோடிக்கு இறங்கியது. 2015இல் கிளைபோசேற் என்ற களைக்கொல்லியைத் தடைசெய்தபோதும் இதே கதைதான். தோட்டங்களில் களைக்கு வேறு மருந்து அடித்தார்கள். அதன் எச்சம் தேயிலையில் இருப்பதாக ஜப்பான் முறையிட்டது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடை தளர்ந்தது.

ஆனால் அப்புத்தளைக்குப் பக்கத்திலேயே இதல்கஸ்ஹின்ன தோட்டம் 1987 முதல் இயற்கைத் தேயிலை செய்கிறது. விளைச்சல் குறைந்தாலும் விலை கூடக் கிடைக்கும் சந்தைக்கு அது போகிறது. எல்லாத் தோட்டமும் அப்படி மாற முடியாது, அந்தச் சந்தை சிறியது. மற்றவர்கள் பாதி வழியாவது நடக்கலாம்: மண்ணைச் சோதித்துத் தேவையான அளவே உரம் போடுவது, பெருமழைக்கு முன் போடாமலிருப்பது, கவ்வாத்து வாதுகளை மலையிலேயே விடுவது. கிளிரிசீடியா நட்டால் தழை மண்ணுக்கு, விறகு ஃபெக்டரி அடுப்புக்கு.

மண் தேற வருடங்கள் எடுக்கும். பல்லாண்டுப் பயிருக்கு இயற்கைச் சான்றிதழ் தர ஐரோப்பிய விதியே 3 ஆண்டு கேட்கிறது. அதுவரை வரும் நட்டத்தைக் கொழுந்து பறிக்கிறவளின் தலையில் கட்டக்கூடாது. சம்பளம் பேசப் போகும் தொழிற்சங்கங்கள், மாற்றம் நடக்கும் மலைகளில் நாளுக்குரிய கிலோவைக் குறைக்கச் சொல்லியும் பேச வேண்டும்.