513 படிகளை வரைபடம் சொல்லவில்லை

பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரு சனிக்கிழமை மாலை, என் அம்மாவை நாற்பது நிமிடங்கள் தொலைத்துவிட்டேன்.

வானொலியில் காலை நேரத்தில் போக்குவரத்து நிலவரம் சொல்பவள் நான். எந்த விரைவுச்சாலையில் எங்கே நெரிசல் என்று ஊருக்கே வழி சொல்லிவிட்டு, பெற்ற தாயைக் கடைத்தெருவில் தவறவிட்டேன் என்றால் யார் நம்புவார்கள்? கும்பகோணத்திலிருந்து வந்திருந்த சித்தி பூச்சரம் வாங்கினார். காசு கொடுக்கத் திரும்பினேன். மறுபடி பார்த்தபோது அம்மா இல்லை.

அவர் கையில் கைப்பேசி இருந்தது. வழிகாட்டிச் செயலியும் இருந்தது. புறப்படுமுன் நானே பதிவிறக்கம் செய்து, தங்குவிடுதியின் பெயரையும் அதில் சேமித்துக் கொடுத்திருந்தேன். ஆனால், வெளிநாட்டில் கட்டணம் எகிறிவிடும் என்ற பயத்தில், எல்லையைத் தாண்டியதுமே அம்மா கைப்பேசியை விமானப் பயன்முறைக்கு மாற்றியிருக்கிறார். நான் அழைத்தால் மணி அடிக்கவில்லை. அவர் செயலியைத் திறந்தால் வெறும் சாம்பல் நிறக் கட்டங்கள். அதற்கு மேல் இருந்த சொற்கள் எல்லாம் ஆங்கிலம். அம்மா தமிழ்ப் பள்ளியில் படித்தவர்.

கடைசியில் அவருக்கு வழி காட்டியது ஒரு பலகாரக் கடைக்காரர். “தம்பி, மாரியம்மன் கோயில் எந்தப் பக்கம்?” என்று கேட்டிருக்கிறார். குவீன் ஸ்திரீட்டில் 1833 முதல் இருக்கும் அந்தக் கோயிலுக்குக் காலையில்தான் போய் வந்திருந்தோம். தேடித் தேடி நானும் சித்தியும் அங்கே போய்ச் சேர்ந்தபோது, அம்மா கோபுரத்துக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார்.

“நீ தேடுவேன்னு தெரியும். தேடினா இங்கதான் வருவேன்னும் தெரியும். எதுக்கும்மா அழறே?” என்றார்.

அழுகை நின்ற பிறகு யோசித்தேன். அம்மாவிடம் குறை இல்லை. அவருக்காகச் செய்யப்படாத ஒரு கருவியை அவர் கையில் கொடுத்து, பாதுகாப்பு முடிந்தது என்று நினைத்தேனே, அங்கேதான் பிழை. பயணச் செயலிகள் பெருகிவிட்டன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை தனியாகப் பயணம் செய்யும், ஆங்கிலம் அறிந்த, முழங்கால் வலி இல்லாத, எப்போதும் இணையத்தில் இருக்கும் ஒருவரை மனத்தில் வைத்தே செய்யப்பட்டவை. நம் வீட்டுப் பயணம் அப்படியா நடக்கிறது? அந்தப் பயணத்தில் எனக்குத் தோன்றிய சில யோசனைகளை இங்கே பகிர்கிறேன். செயலி உருவாக்கும் இளையர் யாராவது இதைப் படித்தால் நல்லது. படிக்காவிட்டாலும் சிலவற்றை நாமே செய்துகொள்ளலாம்.

இணையம் இல்லாத நேரம்தான் முக்கியம்

வழி தெரியாமல் தவிக்கும் நேரமும் இணையம் கிடைக்காத நேரமும் பெரும்பாலும் ஒன்றாகவே வருகின்றன. ஆனால் பல செயலிகளில் ‘இணையம் இல்லாமல்’ என்ற வசதி எங்கோ நான்காவது திரைக்குள் ஒளிந்திருக்கிறது. பயணம் போகும் ஊரின் பெயரைத் தேடியதுமே, “இந்த ஊரின் வரைபடத்தைச் சேமித்துக்கொள்ளட்டுமா?” என்று செயலியே கேட்க வேண்டும்.

இப்போதைக்கு நாம் செய்யக்கூடியது: கூகல் மேப்ஸில் ஒரு பகுதியின் வரைபடத்தை முன்கூட்டியே பதிவிறக்கலாம். ஆனால் அதை நம்பி இணையம் இல்லாமல் பேருந்து, ரயில் நேரங்களைப் பார்க்க முடியாது. ‘ஆர்கானிக் மேப்ஸ்’ என்ற இலவசச் செயலி, ஊரைப் பதிவிறக்கிக்கொண்டால் இணையம் இல்லாமலேயே நடைவழியையும் காட்டும். எதுவானாலும் வீட்டில் இருக்கும்போதே இணையத்தை அணைத்துவிட்டு ஒருமுறை திறந்து பாருங்கள். நான் அதைச் செய்யவில்லை.

அதோடு ஒரு காகிதம். விடுதியின் பெயர், முகவரி, என் தொலைபேசி எண், தினமும் சாப்பிடும் மருந்துகளின் பெயர்கள். தமிழில் ஒரு பக்கம், ஆங்கிலத்தில் மறுபக்கம். இதற்கு மின்கலம் தீராது.

நாம் சொல்லும் பெயர் வரைபடத்தில் வேண்டும்

மறுநாள் காலை போக வேண்டிய இடம் தண்ணீர்மலை. பினாங்குத் தமிழர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். அருள்மிகு பாலதண்டாயுதபாணி ஆலயம் என்பது முறையான பெயர். ஆங்கிலத்தில் வாட்டர்ஃபால் மலைக்கோயில். அம்மா கைப்பேசியைப் பார்த்து, “தண்ணீர்மலைக் கோயில்” என்று தெளிவாகச் சொன்னார். செயலி, தண்ணீர்ப் போத்தல் விற்கும் கடைகளைக் காட்டியது. சித்தி விழுந்து விழுந்து சிரித்தார்.

சிரிப்பு ஒருபுறம் இருக்கட்டும். நம் ஊரிலும் இதே கதைதான். சிராங்கூன் சாலை வட்டாரத்தைத் தலைமுறை தலைமுறையாக ‘தேக்கா’ என்கிறோம். ஆனால் பெருவிரைவு ரயில் நிலையத்தின் பெயர் லிட்டில் இந்தியா. முதன்முறை வரும் சித்தி, தேக்கா என்ற நிலையத்தைத் தேடிக்கொண்டு ரயிலிலேயே உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது?

இதற்கு ஒரு வழி ஏற்கெனவே இருக்கிறது. 2004ல் தொடங்கப்பட்ட ‘ஓப்பன்ஸ்திரீட்மேப்’ என்பது பொதுமக்களே சேர்ந்து வரையும் உலக வரைபடம். கணக்கு ஒன்றைத் திறந்தால் யாரும் திருத்தலாம். அதில் ஓர் இடத்துக்குத் தமிழ்ப் பெயர், மக்கள் வழங்கும் மாற்றுப் பெயர் ஆகியவற்றைத் தனித்தனியே பதியலாம். நான் சொன்ன ஆர்கானிக் மேப்ஸ் உட்படப் பல செயலிகள் இந்த வரைபடத்திலிருந்தே தகவல் எடுக்கின்றன. நம் உயர்நிலைப் பள்ளித் தமிழ் மாணவர்கள் ஒரு விடுமுறையில் தங்கள் வட்டாரத்து இடங்களின் தமிழ்ப் பெயர்களைச் சேர்த்தால், அது நல்ல மொழிப் பயிற்சி. நாலு பேருக்கு உதவியும்கூட.

தூரத்தை விட்டு, பாதையைச் சொல்லுங்கள்

மலையடிவாரத்திலிருந்து கோயிலுக்கு நடந்துபோய்விடலாம், சில நிமிடங்கள்தான் என்றது செயலி. படிகளைப் பற்றி ஒரு சொல் இல்லை. அடிவாரத்தில் தேங்காய் விற்ற அக்காதான் அம்மாவின் காலைப் பார்த்துவிட்டு, “513 படி இருக்கும்மா, மெதுவா ஏறுங்க” என்றார்.

அம்மாவுக்கு வயது 68. வலது முழங்காலில் அறுவை சிகிச்சை செய்திருக்கிறார். நான் வேண்டாம் என்றேன். அவரோ கணக்குப் போட்டார்: “ஐம்பது ஐம்பதா ஏறினா பத்துத் தடவை உட்காரணும். அவ்வளவுதானே?”

அந்த ஓர் எண்தான் அவருக்குத் துணிச்சல் தந்தது. எவ்வளவு என்று தெரியாத படிகள் பயமுறுத்தும். 513 என்று தெரிந்துவிட்டால் திட்டமிடலாம், அல்லது கௌரவமாக வேண்டாம் என்று முடிவெடுக்கலாம்.

பயண வழிகாட்டிகள் இதைத்தான் சொல்ல வேண்டும். எத்தனை படிகள்? கைப்பிடி உண்டா? உட்கார இடம் எங்கே? கழிவறை எங்கே? நிழல் இருக்குமா? ஓப்பன்ஸ்திரீட்மேப்பில் படிகளின் எண்ணிக்கை, கைப்பிடி, சக்கர நாற்காலி வசதி ஆகியவற்றைப் பதியும் வசதி இருக்கிறது. அதை அடிப்படையாகக் கொண்ட ‘வீல்மேப்’, சக்கர நாற்காலியில் வருவோருக்கு ஏற்ற இடங்களைப் போக்குவரத்து விளக்குபோல் நிறம் பிரித்துக் காட்டுகிறது. கட்டங்கள் தயார். அவற்றை நிரப்பத்தான் ஆள் தேவை. பத்துமலையின் 272 படிகள் எல்லாருக்கும் தெரியும். மற்ற இடங்களின் கணக்கு அங்கே போய்வந்தவர்களுக்குத்தான் தெரியும்.

எப்போது சரிபார்த்தது?

வாழையிலைச் சாப்பாட்டுக்காக ஒரு கடையைத் தேடி வெயிலில் இருபது நிமிடம் நடந்தோம். ‘திறந்திருக்கிறது’ என்றது திரை. கதவில் பூட்டு. பக்கத்துக் கடைக்காரர், அவர்கள் இடம் மாறிப் பல மாதங்கள் ஆகிவிட்டன என்றார். இனிப்பு நீர் உள்ள அம்மாவுக்கு நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் தலை சுற்றும்.

ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில், “கடைசியாகச் சரிபார்த்தது” என்று ஒரு தேதி இருந்தால் போதும். பழைய தேதியைப் பார்த்தால் நாமே தொலைபேசியில் கேட்டுக்கொள்வோம்.

படிவத்துக்கும் ஒரு வழிகாட்டி

சித்தி இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்பவர். மலேசியாவுக்குள் நுழைய மின்னிலக்க வருகை அட்டையை அவர் நிரப்ப வேண்டும். சிங்கப்பூரர்களான எனக்கும் அம்மாவுக்கும் அதிலிருந்து விலக்கு. ஒரே குடும்பம், ஒரே பேருந்து, ஆனால் விதிகள் வேறு. சிங்கப்பூருக்குத் திரும்பும்போது சித்தி இங்குள்ள வருகை அட்டையையும் சமர்ப்பிக்க வேண்டும். இரண்டையும் வருகைக்கு முந்திய மூன்று நாள்களுக்குள் நிரப்பலாம். இரண்டுக்கும் கட்டணமே இல்லை.

ஆனால் இணையத்தில் தேடியபோது, முதலில் வந்த தளம் கடன் அட்டை எண்ணைக் கேட்டது! அதிகாரத்துவத் தளம் போலவே சின்னம், நிறம் எல்லாம். சித்தி அட்டையைக் கையில் எடுத்துவிட்டார். முகவரி, மலேசியாவுக்கு ‘ஜிஓவி.எம்ஒய்’, சிங்கப்பூருக்கு ‘ஜிஓவி.எஸ்ஜி’ என்ற அரசாங்கப் பின்னொட்டுடன் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பேருந்துச் சீட்டு விற்கும் செயலிகள், பயணியின் கடப்பிதழ் எந்த நாட்டுடையது என்று கேட்டு, சரியான அரசாங்கத் தளத்தின் இணைப்பைத் தாமே அனுப்பினால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

காதுக்குத் தமிழ்

இது என் தொழில் சார்ந்த ஆசை. “நூற்றிருபது மீட்டரில் வலப்பக்கம் திரும்பவும்” என்கிறது இயந்திரக் குரல். நடந்துகொண்டே யார் மீட்டர் அளப்பார்கள்? வானொலியில் நாங்கள் அடையாளங்களைச் சொல்வோம். முக்கியமானதை இரண்டு முறை சொல்வோம். வாக்கியத்தைச் சிறியதாக வைப்போம். “பிள்ளையார் கோயிலைத் தாண்டியதும் வலது பக்கம். பிள்ளையார் கோயில், வலது பக்கம்.” வழிகாட்டும் குரலும் அப்படிப் பேசினால் அம்மாவுக்குப் புரியும். எனக்கும்தான்.

தண்ணீர்மலையில் அம்மா பத்து முறை உட்கார்ந்தார். நானும் சித்தியும் அதைவிட அதிகமாக உட்கார்ந்தோம். மேலே போய்ச் சேர்ந்ததும் ஜார்ஜ் டவுனும் கடலும் தெரிந்தன. அப்பா இருந்திருந்தால் என்று அம்மா ஆரம்பித்தார், முடிக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

திரும்பி வந்த வாரம், எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அம்மாவின் குரல் பதிவுகள் வரிசையாக வந்து விழுந்தன. மொத்தம் பதினொன்று. “தண்ணீர்மலைக்குப் போறவங்க விடியக்காலையிலேயே போயிடுங்க. 513 படி. ஐம்பது ஐம்பதா ஏறுங்க. தண்ணி எடுத்துக்குங்க. வழி தப்பிட்டா மாரியம்மன் கோயில்னு கேளுங்க. கைப்பேசியை அணைச்சுடாதீங்க, நான் அணைச்சு மாட்டிக்கிட்டேன்.”

அடுத்த மாதம் ஈசூனிலிருந்து பெரியம்மா பினாங்கு போனார். அந்தப் பதினொரு பதிவுகளையும் கேட்டுக்கொண்டே போய், பத்திரமாகத் திரும்பி வந்தார். இப்போது உட்கார இடம் எங்கே என்பது பற்றிப் பெரியம்மா பன்னிரண்டாவது பதிவை அனுப்பியிருக்கிறார்.