நீர்த்தேக்கத்தில் தூண்டில் சுற்றுலா: படகு யார் கையில்?

அக்கரப்பத்தனைத் தோட்டங்களை ஊடறுத்துப் பாயும் ஆக்ரா ஓயா, ஆங்கிலேயர் காலத்தில் ட்ரவுட் மீனுக்குப் பெயர் பெற்றிருந்தது. 1880களில் ட்ரவுட் முட்டைகளைக் கடல் கடந்து தருவித்து மலைநாட்டு ஓடைகளில் விட்டவர்கள் வெள்ளைக்காரர்களே. தூண்டில் போடும் உரிமையும் அவர்களது கழகத்தின் அனுமதிச்சீட்டுக்குள் அடங்கியிருந்தது. ஆற்றங்கரை லயத்தில் வாழ்ந்த தொழிலாளிக்கு அந்த மீன் துரைமார் சொத்தாகவே இருந்தது.

இன்று உலகெங்கும் பெரும் ஏரிகளில் தூண்டில் மீன்பிடிச் சுற்றுலா ஒரு தொழிலாக வளர்ந்துள்ளது. பயணி ஒருவர் படகையும் படகோட்டியையும் தூண்டில், இரை முதலியவற்றையும் சேர்த்து அரை நாளுக்கோ முழு நாளுக்கோ வாடகைக்குப் பெறுகின்றார். மீன் கிடைக்குமிடத்தை அறிந்து அழைத்துச் செல்வதும் பத்திரமாகக் கரை சேர்ப்பதும் படகோட்டியின் பொறுப்பு. ஆக, இங்கு விலைபோவது மீனன்று. அந்நீரைப் பற்றிய அறிவே.

இத்தொழிலின் வரலாற்றுக்கு அமெரிக்காவின் மிச்சிகன் ஏரி நல்ல சான்று. கடலிலிருந்து புகுந்த ஒருவகைச் சிறுமீன் அங்கு அளவுகடந்து பெருகியபோது, அதனை இரையாக்கவென 1966இல் சால்மன் குஞ்சுகள் விடப்பட்டன. சில ஆண்டுகளிலேயே கரையோரச் சிற்றூர்களில் வாடகைப் படகுத்தொழில் தழைத்தது. கூலிக்கு ஆளேற்றும் படகோட்டி அங்கு கரையோரக் காவற்படையின் உரிமம் பெற்றாக வேண்டும். எனினும் அயலிலுள்ள ஹியூரன் ஏரியில் 2003இன் பின்னர் அச்சிறுமீன் அருகியதும் சால்மனும் வீழ்ந்தது. அதை நம்பியிருந்த ஊர்கள் நொடித்தன. புகுத்தப்பட்ட மீனை நம்பிய தொழிலுக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு.

நமது மலையகத்தில் இயற்கை ஏரி இல்லை. இருப்பவை நீர்த்தேக்கங்களே. மின்னுற்பத்திக்கென 1965இல் காசல்ரீயும் 1969இல் மவுஸ்ஸாகலையும் அமைந்தன. மவுஸ்ஸாகலையின் கீழே பழைய மஸ்கெலியா நகரம் மூழ்கிக் கிடக்கின்றது. வறட்சியில் நீர் வற்றும்போது கோவிலும் பள்ளிவாசலும் விகாரையும் இருந்த இடங்கள் வெளிப்படுவதும், மக்கள் திரண்டு சென்று பார்ப்பதும் நாமறிந்ததே. ஆக்ரா ஓயாவின் நீரும் கொத்மலை ஓயாவுடன் கலந்து, 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலைத் திட்டத்துக்கே செல்கின்றது. அதற்காகவும் தலவாக்கலைப் பகுதியில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் இடம்பெயர நேர்ந்தது.

இழந்தவர்கள் இம்மக்கள் என்பதால், அந்நீரிலிருந்து வரும் வருவாயிலும் முதலுரிமை இவர்களுக்கே இருக்க வேண்டும். காசல்ரீக் கரையிலிருந்த துரை பங்களாக்கள் 2005 முதல் சொகுசு விடுதிகளாகியுள்ளன. தூண்டில் படகும் விடுதியின் சொத்தாகிவிட்டால், தோட்டத்து இளைஞனுக்கு எஞ்சுவது துடுப்புப் பிடிக்கும் நாட்கூலி மாத்திரமே. (அதற்கும் கொழும்பிலிருந்து ஆள் வருவதுண்டு!) படகு உரிமத்தைக் கரையோரத் தோட்ட இளைஞரின் கூட்டுறவுச் சங்கங்களுக்கு வழங்குவதொன்றே இதற்கு வழி.

1990இல் அரசு நன்னீர் மீன்பிடிக்கான ஆதரவை நிறுத்தியபோது துறையே தளர்ந்தது. 1994இன் பின்னரே அது மீண்டது. இன்று தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை பொதுப் பணத்தில் நீர்த்தேக்கங்களில் குஞ்சு விடுகின்றது. வலை வீசிப் பிழைக்கும் ஏழை மீனவர் அந்தக் கெண்டையையும் திலாப்பியாவையும் நம்பியுள்ளனர். உல்லாசப் பயணியின் தூண்டிலுக்காக அவர்களது வலை தடுக்கப்படலாகாது. மேலும், ஹோர்ட்டன் சமவெளியில் மட்டுமே வாழும் சிற்றிறாலுக்கு ட்ரவுட் அச்சுறுத்தலாயிருப்பதால், புதிய ஓடைகளில் ட்ரவுட் விடும் யோசனை எழுமானால் அதனையும் எதிர்த்தாக வேண்டும்.

பாதுகாப்பு வேறொரு விடயம். மலையக நீர்த்தேக்கங்களில் மூழ்கி உயிரிழப்போர் பற்றிய செய்திகள் ஓயவில்லை. கரை செங்குத்தானது, நீர் குளிர்ந்தது, மாலையில் பனிமூட்டம் கண்ணை மறைக்கும். உயிர்காப்பு அங்கியின்றி ஒருவரையேனும் ஏற்றும் படகின் உரிமத்தை அன்றே பறிக்கும் விதி எழுத்தில் இருந்தாக வேண்டும். அவ்விதி முதல் படகு நீரில் இறங்குமுன் வரட்டும்.